சிங்கப்பூரில் தேக்கா முழுவதும் மூடியிருந்தால் என்ன செய்வது?

தேக்கா என்பது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள உணவங்காடி நிலையம், அதாவது பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம். திங்கட்கிழமை காலை அங்கே போய், ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் காலாண்டுத் துப்புரவு நாளாக இருந்திருக்கும். சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களை ஏறக்குறைய 3 மாதத்துக்கு ஒருமுறை கழுவிச் சுத்தம் செய்ய மூடுவார்கள், அதுவும் அதிகமாக வாரத் தொடக்கத்தில். பழுதுபார்ப்பு என்றால் வாரக்கணக்கில்கூட நீளும்.

டிக்கெட் போடுமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு நிலையமும் மூடும் தேதிப் பட்டியலைப் பாருங்கள். தேக்கா மூடியிருக்கும் நாளில் மேக்ஸ்வெல் என்ற இன்னொரு உணவங்காடி நிலையம் திறந்திருக்கிறதா என்று சேர்த்தே பார்த்துவிடலாம்.

அந்தப் பட்டியல் நிலையத்துக்கு மட்டும்தான், தனிக் கடைகளுக்கு அல்ல. மேக்ஸ்வெல்லில் கோழிச்சோற்றுக்குப் பெயர்போன தியென் தியென் திங்கட்கிழமை விடுமுறை. பிரியாணிக் கடைகளில் அண்டா காலியானால் வியாபாரம் முடிந்தது. அதனால் 11.30-க்கே போய்விடுங்கள். 12-லிருந்து 1.30 வரை அலுவலக ஊழியர்கள் சாப்பிட வரும் நேரம், உட்கார இடம் கிடைக்காது.

மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று பொருள். எடுத்துப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் இது சட்டம்: முதல் தடவை எழுத்துமூல எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

கையில் 5, 10 வெள்ளி நோட்டுகள் இருக்கட்டும். வெளிநாட்டு வங்கி அட்டையை ஏற்காத கடைகள் நிறைய.