மகளுக்கு டி.ஓ. சீட் கிடைத்தாயிற்று; எந்தப் பள்ளி, எவ்வளவு கடன்?

கேள்வி: டல்லாஸ் அருகே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். சொந்த ஊர் மதுரை. அமெரிக்கா வந்து 26 வருடம். எனக்கு வயது 56, மென்பொருள் வேலை. இங்கேயே பிறந்த மகளுக்கு 23 வயது. இரண்டு முறை விண்ணப்பித்தும் எம்.டி. (இங்கே அது நம் எம்.பி.பி.எஸ். போன்ற மருத்துவப் பட்டம்) பள்ளி எதிலும் இடம் கிடைக்கவில்லை. வேறு மாநிலங்களில் இரண்டு தனியார் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) பள்ளிகளில் கிடைத்திருக்கிறது. ஒன்று பெரிய நகரத்தில், பெயருள்ள பழைய பள்ளி. தங்கும் செலவெல்லாம் சேர்த்து முதல் வருடத்துக்கு 98,000 டாலர். இன்னொன்று சிற்றூரில், 79,000 டாலர். ஃபோர்ட் வொர்த்தில் உள்ள டெக்சஸ் காலேஜ் ஆஃப் ஆஸ்டியோபதிக் மெடிசினில் வெயிட்லிஸ்ட். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 62,000 டாலர் இருக்கிறது. மாதம் 1,000 டாலர் வரை என்னால் கொடுக்க முடியும். மீதிக்கு 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்கலாமா, மதுரையில் அப்பா விட்டுப்போன மனையை விற்கலாமா, பேங்க் கடனுக்கு நான் கையெழுத்துப் போடலாமா? என் மனைவியோ, இன்னும் ஒரு வருடம் பொறுத்து எம்.டி.க்கே முயலலாம் என்கிறார். ஆகஸ்ட்டில் வகுப்பு. பதில் சொல்ல இரண்டு வாரம்தான் இருக்கிறது.

பதில்: உங்கள் வீட்டம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றக் கணக்கு எதுவும் நிற்காது.

ஆஸ்டியோபதி என்றதும் நம் ஊரில் எலும்பு வைத்தியம் என்றோ பிசியோதெரபி மாதிரி ஏதோ என்றோ நினைப்பார்கள். இங்கிலாந்தில் ஆஸ்டியோபத் என்பவர் எம்.பி.பி.எஸ். போலப் படித்த மருத்துவர் இல்லை என்பதால் இந்தக் குழப்பத்தைக் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் கதை வேறு. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் பள்ளியைத் தொடங்கியபோது அது அன்றைய மருத்துவத்தோடு முரண்டு பிடித்த ஒரு கூட்டம். இன்று டி.ஓ. முடித்தவருக்கு 50 மாநிலங்களிலும் எம்.டி.க்கு உள்ள அதே முழு உரிமம். 2020 முதல் ரெசிடென்சிக்கும் (பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பெறும் பயிற்சி) இரண்டு பட்டத்தாருக்கும் ஒரே மேட்ச், அதாவது மாணவரையும் மருத்துவமனையையும் இணைக்கும் ஒரே முறை. அறுவை சிகிச்சை செய்யலாம், ஐ.சி.யூ. நடத்தலாம். ஒரே துறையில் ஒரே வேலை பார்த்தால் சம்பளச் சீட்டில் பட்டத்தை வைத்து வித்தியாசம் வராது.

வித்தியாசம் வருவது வேறு இடத்தில். தோல் மருத்துவம், எலும்பு அறுவை, நரம்பு அறுவை போன்று போட்டி மிகுந்த துறைகளில் டி.ஓ. மாணவர்களுக்கு ரெசிடென்சி கிடைப்பது கூடுதல் கஷ்டம். அதனால் கடன் கணக்கைக் குடும்ப மருத்துவர், இன்டர்னல் மெடிசின் சம்பளத்தை வைத்தே போடுங்கள். அந்த வருமானத்தில் தாங்காத கடன், வாங்கக்கூடாத கடன்.

காத்திருந்தால் செலவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு வருடம் தள்ளிப்போனால், தொழில் வாழ்க்கையின் கடைசியில் ஒரு முழுச் சம்பள வருடம் கழிகிறது. குடும்ப மருத்துவருக்கே அது இரண்டு லட்சம் டாலருக்கு மேல். எம்.டி. சீட் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. முன்பு கிடைத்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று அடுத்த விண்ணப்பத்தில் கேட்கும் பள்ளிகளும் உண்டு. இரண்டு முறை முயன்ற பெண்ணை மூன்றாவது முறை அனுப்ப நான் சொல்லமாட்டேன். ஒன்று கவனித்தேன்: மகள் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.

இப்போது கடனுக்கு வருவோம். உங்களுக்கு முன்னால் பிள்ளைகளை மருத்துவப் பள்ளிக்கு அனுப்பிய நண்பர்களின் அனுபவம் இதில் உங்களுக்கு உதவாது. அவர்கள் காலத்தில் கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் இருந்தது. பள்ளி சொல்லும் மொத்தச் செலவு எவ்வளவானாலும் அரசாங்கமே கொடுத்துவிடும். 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை மூடிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் எம்.டி., டி.ஓ. மாணவருக்கு ஃபெடரல் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர். அவ்வளவுதான். முன்பே முதுகலைப் படிப்புக்கு ஃபெடரல் கடன் வாங்கியிருந்தால் அதுவும் இந்த இரண்டு லட்சத்தில் கழியும். பெற்றோர் வருமானம் இதற்குத் தடையில்லை. ஃபாஃப்சா என்ற அரசு உதவி விண்ணப்பப் படிவம் நிரப்பினால் போதும்.

அதற்கு மேல் உள்ள பள்ளம்தான் உங்கள் பிரச்சினை. 98,000-க்கும் 79,000-க்கும் வித்தியாசம் 19,000 என்று பார்க்காதீர்கள். முதல் பள்ளியில் பள்ளம் 48,000, இரண்டாவதில் 29,000. செலவு வருடம் 4 சதவீதம் ஏறும் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். சிற்றூர்ப் பள்ளிக்கு உங்கள் 529-உம் மாதம் 1,000 டாலரும் மூன்று வருடத்துக்குத் தாங்குகிறது. நான்காம் வருடத்தில் சுமார் 25,500 டாலர் துண்டு விழுகிறது. நகரத்துப் பள்ளிக்கு இரண்டாம் வருடமே பேங்க் வாசலுக்குப் போக வேண்டும். முடிக்கும்போது பிரைவேட் கடன் மட்டும் சுமார் 1,06,000 டாலர். அசல் மட்டும், வட்டி சேர்க்காமல்.

அதே கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. கையில் 62,000 இருக்கிறதே, முதல் வருடம் கடனைக் குறைத்து அதிலிருந்து கட்டிவிடலாம் என்று தோன்றும். வட்டி மிச்சம் என்று பார்த்தால் நல்ல யோசனைதான். ஆனால் 50,000 என்பது வருட வரம்பு. இந்த வருடம் விட்டதை அடுத்த வருடம் சேர்த்துக் கேட்க முடியாது. முதல் வருடம் 529-ஐக் காலி செய்துவிட்டு மூன்றாம் வருடம் பிரைவேட் கடனுக்கு அலைபவர்களைப் பார்க்கத்தான் போகிறோம். ஒவ்வொரு வருடமும் ஃபெடரல் கடனை முழுதாக எடுங்கள். 529 பள்ளத்தை நிரப்ப மட்டும்.

ஃபெடரல் கடன் ஒன்றும் மலிவில்லை. 2025-26 கல்வியாண்டில் வட்டி 7.94 சதவீதம், படிக்கும்போதே ஏறிக்கொண்டிருக்கும். அதே விகிதம் நீடித்தால் இரண்டு லட்சம், பட்டம் வாங்கும்போது 2,35,000-ஐத் தொடும். ஆனால் அதைத் திருப்பிக் கட்டும் விதத்தில் இரக்கம் உண்டு. புதிய ஆர்.ஏ.பி. என்ற திட்டத்தில், 65,000 டாலர் வருமானமுள்ள ரெசிடென்ட் வருமானத்தில் 6 சதவீதம், அதாவது மாதம் 325 டாலர் கட்டினால் போதும். அது வட்டிக்குப் பத்தாவிட்டால் மீதி வட்டி தள்ளுபடி. லாப நோக்கற்ற மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ 120 மாதத் தவணை கட்டினால் மீதிக் கடனே ரத்து. ரெசிடென்சி வருடங்களும் அதில் சேரும். டெக்சஸில் மருத்துவமனைகள் மருத்துவரை நேரடியாக வேலைக்கு வைக்கச் சட்டத் தடை இருப்பதால் முன்பு பலருக்கு இந்தச் சலுகை கைநழுவியது. 2023-ல் வந்த விதி அப்படிப்பட்டவர்களுக்கும் வழி திறந்துவிட்டது. மகள் ஊர் திரும்பி வேலை பார்க்க நினைத்தால் இதை ஞாபகம் வையுங்கள்.

பிரைவேட் கடனுக்கு இவை எதுவும் கிடையாது. அதற்கு நீங்கள் போடும் கையெழுத்து சிபாரிசுக் கையெழுத்து இல்லை, ஜாமீன். மகள் தவணை தவறினால் உங்கள் கிரெடிட்தான் அடிபடும். அவர் படிப்பை முடிக்கும்போது உங்களுக்கு 60 வயது. 25,500-க்கு ஜாமீன் நிற்கலாம். 1,06,000-க்கு நிற்க வேண்டாம்.

ஆகவே என் ஓட்டு சிற்றூர்ப் பள்ளிக்கு, ஒரு நிபந்தனையோடு. இரண்டு லட்சத்தை ஐம்பதாயிரத்தால் வகுத்தால் சரியாக நான்கு. ஒரு வருடம் திரும்பப் படிக்க நேர்ந்தால் ஐந்தாம் வருடத்துக்கு ஃபெடரல் கடனில் ஒரு டாலர்கூட மீதி இருக்காது. நீங்கள் சுமார் 80,000 டாலர் மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு அந்த ஒரே வருடத்தில் தலைகீழாகிவிடும். ஆகவே டெபாசிட் கட்டுமுன் அந்தப் பள்ளியின் காம்லெக்ஸ் (டி.ஓ. மாணவர்களின் உரிமத் தேர்வு) லெவல் 1 முதல் முயற்சித் தேர்ச்சி எவ்வளவு, எத்தனை பேர் நான்கே வருடத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு ரெசிடென்சி கிடைத்தது என்று கேளுங்கள். ஒரு வருடத்தை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். நான்கைந்து வருடத்து எண்கள் வேண்டும். இன்னும் முதல் பேட்சே வெளியே வராத புதிய பள்ளி என்றால் இந்த எண்களே இருக்காது. அப்படியானால் நான் 98,000 பக்கம் சாய யோசிப்பேன். பழைய பள்ளியின் பெயருக்காக இல்லை, அதன் எண்களுக்காக.

மூன்றாம் வருடம் பற்றியும் கேளுங்கள். பல டி.ஓ. பள்ளிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. முதல் இரண்டு வருடம் வளாகத்தில். பிறகு மாணவர்களைப் பல ஊர் மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள், சில பள்ளிகளில் குலுக்கல் முறையில். ரொட்டேஷன் என்ற இந்த மருத்துவமனைப் பயிற்சி முந்நூறு மைல் தள்ளி அமைந்தால் வீடு மாற்ற வேண்டும், கார் இல்லாமல் முடியாது. நான்காம் வருடத்தில் ரெசிடென்சி வேண்டும் என்று ஆசைப்படும் மருத்துவமனைகளில் ஒரு மாதம் போய் வேலை பார்த்துக் காட்டுவார்கள். அதை ஆடிஷன் என்றே சொல்வார்கள். அங்கே தற்காலிக அறை, இங்கே வாடகை, இரண்டும் ஓடும். காம்லெக்ஸ் தவிர, எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுத நினைத்தால் ஒவ்வொரு தேர்வுக்கும் 700 டாலரைச் சுற்றி வரும்.

401கே-யைத் தொடாதீர்கள். 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியோடு 10 சதவீதம் அபராதம். படிப்புக்கான விலக்கு ஐ.ஆர்.ஏ. என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு உண்டு, 401கே-க்கு இல்லை. அதிலிருந்து கடனாக எடுத்தால் வேலை போனதும் சீக்கிரமே திருப்பவேண்டியிருக்கும். மென்பொருள் வேலையில் இருப்பவருக்கு லே-ஆஃப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மனையை விற்க இன்று அவசரமில்லை. துண்டு விழுவது நான்காம் வருடம்தானே. மூன்று வருட அவகாசம் இருப்பவர் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம், இரண்டு வாரத்தில் விற்பவருக்குத் தரகர் சொன்னதுதான் விலை. பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள். என்.ஆர்.ஐ. விற்கும்போது வாங்குபவர் டி.டி.எஸ். பிடிப்பார், குறைந்த விகிதத்துக்கான சான்றிதழை வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே வாங்காவிட்டால் லாபத்துக்குப் பதில் மொத்த விலையிலேயே பிடித்துவிடுவார்கள். அமெரிக்க வரிக்கு, அப்பா இறந்த நாளின் சந்தை மதிப்பே உங்கள் அடக்க விலை. அந்த மதிப்பீட்டை ஒரு நல்ல வேல்யூயரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகள் குடியுரிமை உள்ளவர் என்பதால் இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தின் ஹெச்.பி.எஸ்.பி. உதவித்தொகை முழுக் கட்டணத்தோடு மாதப் பணமும் தரும். பதிலுக்குச் சேவை வருடங்கள். தேசிய சுகாதார சேவைப் படை, மருத்துவர் பற்றாக்குறை உள்ள ஊர்களில் முதன்மை மருத்துவம் பார்ப்பதாக ஒப்புக்கொள்பவருக்கு உதவித்தொகை தருகிறது. அந்த வாழ்க்கை பிடித்திருந்தால் போகட்டும், கடனுக்குப் பயந்து வேண்டாம்.

ஆகஸ்ட்டுக்கு முன் படிக்கவேண்டியது ஒன்றுமில்லை என்று எல்லா சீனியர்களும் சொல்வார்கள், சரிதான். பணம்தான் தயாராக வேண்டும். ஃபெடரல் கடன் வகுப்பு தொடங்கும் சமயத்தில்தான் பள்ளிக்கு வரும். பள்ளி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியை மாணவர் கைக்குத் தர இன்னும் சில நாள் ஆகும். செயலாக்கக் கட்டணம் வேறு கழிப்பார்கள். 50,000 வாங்கினால் சுமார் 49,470-தான் வரும். வீட்டு அட்வான்ஸ், இரண்டு மாத வாடகை, சாமான் ஏற்றும் செலவு, தடுப்பூசிச் சோதனைகள், லேப்டாப் எல்லாம் ரொக்கமாக வேண்டும். 6,000 டாலர் தனியே எடுத்து வையுங்கள். டி.ஓ. படிப்புக்கே உரிய கைமுறைச் சிகிச்சை வகுப்புக்குச் சிலர் மடக்கு மேசை வாங்குவார்கள். முதல் வருடம் வேண்டாம், பள்ளி ஆய்வகத்தில் இருக்கும். இன்சூரன்ஸில் 26 வயதுவரை மகள் உங்கள் பாலிசியில் இருக்கலாம்; அது வேறு மாநிலத்தில் செல்லுபடியாகுமானால் பள்ளியின் பாலிசிக்கு விலக்குக் கேளுங்கள், சில ஆயிரம் மிச்சமாகும்.

கடைசியாக, ஃபோர்ட் வொர்த். டெக்சஸ்காரர்களுக்கு அங்கே கட்டணமெல்லாம் சேர்த்து வருடம் 20,000 டாலரைச் சுற்றித்தான். 50,000 கடனுக்குள் சாப்பாடு, வாடகை உட்பட அடங்கிவிட வாய்ப்பு அதிகம். சிற்றூர்ப் பள்ளிக்கு டெபாசிட் கட்டிய பிறகும் வெயிட்லிஸ்டில் பெயர் இருக்கட்டும். இன்னும் ஆர்வமாக இருக்கிறேன் என்று மகள் ஒரு கடிதம் எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். ஜூனில் அங்கிருந்து போன் வந்தால் டெபாசிட் போனால் போகட்டும் என்று கிளம்பிவிடுங்கள். அதனால்தான் சொல்கிறேன்: சிற்றூரில் வீடு பார்த்து வையுங்கள், ஆனால் லீஸில் கையெழுத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள்.