காலையில் அடித்த லோகோ மாலையில் மங்குவது ஏன்?

கைத்தொழில் கேள்வி – பதில்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள்

மெத்தென்ற ஆட்டுத்தோலில் பர்ஸ் தைக்கிறேன். ஹேண்ட் பிரஸ்ஸில் பித்தளை டையைச் (லோகோவைப் பள்ளமாகப் பதிக்கும் அச்சு) சூடேற்றி லோகோ அடித்தால், எடுத்தவுடன் பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பெரிய மெஷின் வாங்க வேண்டுமா? — வாசகி, ஓசூர்

மெஷினில் பணத்தைப் போடாதீர்கள். உங்கள் தோல் பெரும்பாலும் குரோமில், அதாவது குரோமியம் உப்பில், பதனிட்டதாக இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமிருந்து வரும் மெல்லிய பர்ஸ் தோலில் பெரும்பகுதி அப்படித்தான். மிருதுவாக இருக்கட்டும் என்று அதற்கு எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அந்த எண்ணெயால் நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அழுத்தினால் படியும், விட்டால் எழுந்துவிடும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட பட்டைத் தோலில் நார்களுக்கு நடுவே துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கும். அதனால் அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கும்.

எந்தத் தோல் என்று சந்தேகமிருந்தால் விரல் நீளத் துண்டு ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு, காய்ந்ததும் விறைத்துவிடும். குரோம் தோல் ஏறக்குறைய போட்டபடியே வெளியே வரும்.

குரோம் தோலில்தான் அடித்தாக வேண்டுமென்றால், தைப்பதற்கு முன் தனித் துண்டாக இருக்கும்போதே அடியுங்கள். லோகோ வரும் இடத்தின் அடிப்பக்கம் அரை மில்லி கனத்தில் லெதர் போர்டு (தோல் தூளை அழுத்திச் செய்த அட்டை) ஒட்டிக் காயவிடுங்கள். ரப்பர் சொல்யூஷன் வேண்டாம், சூட்டில் இளகும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை போதும். டை 110 டிகிரியில் தொடங்கட்டும். 8 முதல் 10 நொடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். போதவில்லையா, ஐந்தைந்து டிகிரியாக ஏற்றுங்கள். 130-ஐத் தாண்டினால் மேல்பூச்சு பளபளத்து, டையின் ஓரம் சட்டம் போட்டதுபோல் பதிந்துவிடும். வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும் என்பதால் லோகோ துண்டை முதுகுப் பகுதியிலிருந்து வெட்டுங்கள். சோதனைத் துண்டும் அதே தோலிலிருந்து வரட்டும். வேறு தோலில் பார்த்த கணக்கு இதற்கு ஒத்துவராது.

இவ்வளவு செய்தாலும் பட்டைத் தோல் அளவுக்கு ஆழம் வராது. எங்களைக் கேட்டால், பட்டைத் தோலில் சின்ன வில்லை வெட்டி, அதில் லோகோ அடித்து, பர்ஸின் மேல் தைத்துவிடுவதே மேல். வாங்குபவர் கண்ணுக்கும் அது வேண்டுமென்றே செய்த வேலைப்பாடாகத்தான் தெரியும்.

பட்டைத் தோலை நனைத்து அடிக்கிறேன். லோகோவைச் சுற்றிக் கருநீலப் புள்ளிகள் விழுகின்றன. போர் தண்ணீர்தான் பயன்படுத்துகிறேன். ஃப்ளோரைடு காரணமா? — வாசகர், பாலக்கோடு

நம் மாவட்டத்துத் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு மேல்தான் பழி. இங்கே அது குற்றவாளி இல்லை, இரும்பு. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேலைதான் உங்கள் தோலில் நடக்கிறது: தோலில் உள்ள துவர்ப்பும் தண்ணீரில் உள்ள இரும்பும் சேர்ந்தால் மை. ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள். இரும்புக் கிண்ணம் வேண்டாம், பிளாஸ்டிக் கிண்ணமும் சுத்தமான ஸ்பாஞ்சும் போதும். பக்கத்தில் லேத் பட்டறையோ கிரைண்டிங் வேலையோ நடந்தால் ஈரத் தோலை மூடி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் வந்து விழுந்தாலும் புள்ளிதான். விழுந்த புள்ளியில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வையுங்கள். மங்கியதும் நல்ல தண்ணீரால் அந்தத் துண்டு முழுவதையும் ஒரே சீராகத் துடையுங்கள். புள்ளியை மட்டும் துடைத்தால் வட்டமாகத் திட்டு விழும்.

நனைப்பதிலும் அளவு உண்டு. தோலை ஊறப்போடக் கூடாது. ஸ்பாஞ்சால் ஒற்றிவிட்டுக் காத்திருங்கள். கருத்த தோல் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும். அதுதான் பதம். மார்ச், ஏப்ரல் வெயிலில் இந்தப் பதம் சில நிமிடங்களில் போய்விடும், அதனால் ஒரு தடவைக்கு நாலைந்து துண்டு மட்டும் நனையுங்கள். ஈரமாக இருக்கும்போது டை 70, 75 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். அதற்கு மேல் போனால் ஈரப் பட்டைத் தோல் சுருங்கிக் கருகி, லோகோ இருக்கும் இடம் அப்பளம்போல் உடையும்.

லோகோவின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் லேசாகவும் விழுகிறது. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் அப்படியே. — வாசகர், கிருஷ்ணகிரி

டையும் மேடையும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. மெஷினை அணைத்து, ஆறிய டையால் பாருங்கள். மேடையில் வெள்ளைத் தாள், அதன்மேல் கார்பன் தாளை மைப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மெதுவாக ஒருமுறை அழுத்துங்கள். கருப்பாக விழும் பக்கம் மேடு. வெளிறிய பக்கம் பள்ளம். வெளிறிய பக்கத்துக்கு நேராக மேடையில் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டுங்கள், மறுபடி அழுத்துங்கள். நான்கு மூலையும் ஒரே கருப்பாக வரும்வரை தாள் தாளாக ஏற்ற வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள் பிளாக்குக்குச் செய்வதும் இதைத்தான்.

அடியில் ரப்பர் ஷீட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ரப்பர் அமுங்கும்போது தோல் மொத்தமாகக் குழிந்துபோகும், கோடு கூர்மையாக வராது. கெட்டி அட்டை போதும்.

இன்னொன்று, லோகோவை 3 சென்டிமீட்டரிலிருந்து 6 சென்டிமீட்டராகப் பெரிதாக்கினால் பரப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு ஆகும். அதே கைப்பலத்தில் அழுத்தம் கால்வாசிதான் கிடைக்கும்.

மாம்பழப் படம் போட்ட லோகோ. இலை நரம்பெல்லாம் அடைந்து கட்டியாக விழுகிறது. — வாசகி, காவேரிப்பட்டணம்

தவறு படத்தில் இருக்கிறது. கோடு அரை மில்லிக்குக் குறையக் கூடாது; இரண்டு கோட்டுக்கு நடுவே முக்கால் மில்லியாவது இடைவெளி வேண்டும். இலைக்கு நடு நரம்பு ஒன்று போதும், கிளை நரம்புகளை எடுத்துவிடுங்கள். டை செய்யக் கொடுக்கும்போது போட்டோ கொடுக்காமல் வெக்டர் ஃபைலாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதறாத படக் கோப்பு) கொடுங்கள். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்க வேண்டும். யார் திருப்புவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இருவருமே திருப்பி, டை வீணாகும். மக்னீசியம் டை மலிவு, சில நூறு துண்டுகளுக்குச் சரி. வருடக்கணக்கில் அதே லோகோ என்றால் பித்தளை.

தைத்து முடித்த பையில் அடிக்க முடியுமா? — வாசகர், அரூர்

முடியும். பைக்குள் லோகோவுக்கு நேராக ஒரு தட்டையான இரும்புப் பட்டையை நுழைத்து, அதைப் பிரஸ் மேடையில் உட்கார வைத்து அடியுங்கள். ஜிப்போ தையல் மடிப்போ டைக்கு அடியில் வரக் கூடாது. உள்ளே நைலான் லைனிங் இருந்தால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், நடுவே அட்டை வையுங்கள்.

தங்க ஃபாயில் உரிந்து வருகிறது. — வாசகர், பென்னாகரம்

மெழுகோ எண்ணெயோ மிகுந்த தோலில் ஃபாயில் பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் அடித்துப் பாருங்கள். அடித்ததும் ஃபாயிலைச் சட்டென்று உரிக்காமல் இரண்டு நொடி ஆறவிடுங்கள். அப்படியும் நகத்தால் சுரண்டினால் வந்தால், அந்தத் தோலில் ஃபாயிலை விட்டுவிட்டு வெறும் பள்ளமாக அடியுங்கள்.