இருபதாவது ஆளை எடுக்கப் பயப்பட வேண்டுமா?

கோவையில் லேத் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: இப்போது 18 பேர் இருக்கிறார்கள், பெரிய ஆர்டர் வந்திருப்பதால் இன்னும் 5 பேர் வேண்டும். ஆனால் 20 பேர் ஆனால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கட்ட வேண்டி வரும், அப்புறம் ஆளை அனுப்பவே முடியாது என்கிறார்கள். மனைவி பெயரில் இன்னொரு பட்டறை பதிந்து, புது ஆட்களை அங்கே காட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். ஒரே கட்டடம், ஒரே கணக்குப்பிள்ளை, காலையில் இங்கே நிற்கும் ஆள் மதியம் அங்கே நிற்கிறார் என்றால், பெயர்ப்பலகை இரண்டாக இருந்தாலும் நிறுவனம் ஒன்றுதான் என்று பி.எஃப். அதிகாரி சேர்த்துவிடுவார். கோர்ட்டும், பணமும் நிர்வாகமும் யார் கையில் இருக்கின்றன என்றுதான் பார்க்கும். காண்ட்ராக்டர் அனுப்பும் ஆட்களும் எண்ணிக்கையில் உண்டு.

மாட்டினால் செலவு எவ்வளவு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 12 சதவீதம், அப்போது பிடிக்காமல் விட்ட தொழிலாளியின் 12 சதவீதமும் உங்கள் தலையில்தான், பழைய பாக்கியை இனி அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. அதன்மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அபராதம் தனி. நேர்வழியில் போனால் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு, உங்கள் 12 சதவீதத்தோடு காப்பீடு, நிர்வாகக் கட்டணமும் சேர்த்து, உங்கள் செலவு மாதம் சுமார் 1,950 ரூபாய், அவ்வளவுதான்.

ஆளை அனுப்ப முடியாது என்பது உங்களுக்குப் பொருந்தாத பயம். அரசிடம் முன் அனுமதி வாங்கச் சொல்லும் விதி 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தில் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்கு இருந்தது, புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை 300 ஆக்கிவிட்டது. வேலை குறைந்து ஆட்குறைப்பு செய்ய வேண்டி வந்தால், ஓராண்டு முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், சர்வீஸில் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. கணக்கு தெளிவாகவே இருக்கிறது.

சட்டத்தின் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. ஒரு ஆள் கூடினதும் மொத்தப் பேருக்கும் சேர்த்துச் செலவு வரும் என்றால் சின்ன முதலாளி 19-லேயே நின்றுவிடத்தான் பார்ப்பார், ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு வேலை கிடைக்காமல் போகிறது. படிப்படியாக ஏறும்படி வைத்திருக்கலாம். அதற்காக அந்தப் பையனின் பி.எஃப். பணத்தை மறைப்பது நியாயமில்லை.

20 ஆகும் மாதமே பதிவு செய்யுங்கள், எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் 2027 ஜூலை வரை புதிதாக எடுக்கும் ஆட்களுக்கு முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை தரும் மத்திய அரசுத் திட்டமும் பி.எஃப். வழியாகத்தான் வருகிறது, உங்களுக்கு எத்தனை பேர் கூடுதலாகக் கணக்காவார்கள் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.