தொலைக்காட்சி பார்த்து வெல்ஷ் மொழி கற்க முடியுமா?

கேள்வி: கணவரின் மருத்துவமனைப் பணி காரணமாகப் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள சுவான்சீ நகரில் குடியேறியிருக்கிறோம். மகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். அவள் வீட்டுக்கு வந்து பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. வகுப்புக்குப் போக நேரம் வாய்க்காத நிலையில், தொலைக்காட்சியையும் இணையத்தையும் கொண்டே இம்மொழியைக் கற்றுவிட முடியுமா?
– ஒரு வாசகி, சுவான்சீ

பதில்: மகள் பேசுவதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நிச்சயமாக முடியும். திருப்பிப் பேசுவதற்குத் தொலைக்காட்சி மட்டும் போதாது. அதற்கு வேறு வழி உண்டு, பின்னர் சொல்கிறேன்.

உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி எஸ்4சி என்னும் வெல்ஷ் மொழித் தொலைக்காட்சி. வெல்ஷுக்கெனத் தனி அலைவரிசை தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து பிரிட்டன் அரசு பின்வாங்கியபோது, வேல்ஸின் தேசியவாதக் கட்சியான ப்ளைட் கம்ரியின் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 1980இல் அறிவித்தார், அரசு இறங்கிவந்தது, 1982 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பு தொடங்கியது. அதன் நிகழ்ச்சிகளை எஸ்4சி கிளிக் தளத்திலும் பிபிசி ஐபிளேயரிலும் வேண்டிய நேரத்தில் பார்க்கலாம். நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேட்க முடிகிறது என்பதே கற்பவருக்கு இதில் கிடைக்கும் முதல் லாபம்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிறு குழந்தைகளுக்கான 'கியூ' நிகழ்ச்சிகளில் தொடங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். திரையில் காண்பதையே வாயால் சொல்வதும், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதும் தொடக்கத்தில் உதவும் என்பது உண்மையே. மகளுடன் உட்கார்ந்து பார்க்கவும் ஏற்றவை. ஆனால் அவற்றில் பேச்சு பெரும்பாலும் 'நீ' என்ற ஒருமையிலேயே நடக்கும். அதையே பழகிக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசப் போனால் சங்கடமாகிவிடும். அங்கே தேவைப்படுவது 'ஹீ' என்னும் மரியாதைப் பன்மை.

என்னைக் கேட்டால், தொடக்க நிலையில் இருப்பவருக்கு வானிலை அறிக்கையைவிடச் சிறந்த பாடம் கிடையாது. அது குறுகியது, மழை, காற்று, வெயில், மேகம் என்று நாள்தோறும் அதே சொற்கள்தாம் வரும், பின்னால் வரைபடம் இருக்கிறது. வேல்ஸின் வானிலையில் மழையைப் பற்றிய வாக்கியங்களுக்குப் பஞ்சம் இருக்காது என்பதும் உறுதி. எல்லாவற்றையும்விட, வெல்ஷ் கற்பவர்களைத் திணறடிக்கும் முதலெழுத்துத் திரிபு அங்கே கண்முன்னே நடக்கிறது. வடக்கே பாங்கோர் என்று ஓர் ஊர். 'பாங்கோருக்கு' என்னும்போது அது 'ஈ வாங்கோர்' ஆகும். 'பாங்கோரில்' என்னும்போது 'அம் மாங்கோர்' ஆகும். ஊர் ஒன்றுதான், முன்னால் வரும் சிறு சொல்லுக்கு ஏற்பத் தலையெழுத்து மாறுகிறது. அறிவிப்பாளர் வரைபடத்தில் அதே புள்ளியைக் காட்டிக்கொண்டு சொல்வதால், இது வேறு ஊரோ என்ற குழப்பம் எழாது. புணர்ச்சி விதிகளோடு வளர்ந்த நமக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. நம்மிடம் மாற்றம் பெரும்பாலும் முதற்சொல்லின் ஈற்றிலும் இணைப்பிலும் நிகழ, அவர்களிடம் அடுத்த சொல்லின் தலையில் நிகழ்கிறது, அவ்வளவே.

இந்தத் திரிபு தெரியாமல் அகராதியைத் திறப்பது வீண். சிறுமியைக் குறிக்கும் 'மெர்ஹ்' என்ற சொல், 'அந்தச் சிறுமி' என்னும்போது 'அ வெர்ஹ்' என்று வரும். கேட்டபடியே தேடினால் அகராதியில் கிடைக்காது. ஆகவே, எந்த எழுத்து எதுவாகத் திரியும் என்ற அட்டவணையை ஒரு தாளில் எழுதித் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

ஆங்கில சப்டைட்டிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது ஓடிக்கொண்டிருக்கும்வரை கண் படித்துக்கொண்டிருக்கும், காது ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். தொடர் ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு காட்சியை முதலில் ஆங்கில வரிகளோடு பார்த்துக் கதையைப் புரிந்துகொண்டு, பிறகு வெல்ஷ் வரிகள் இருந்தால் அவற்றோடும், கடைசியில் வரிகளே இல்லாமலும் பாருங்கள். ஒரு முழு அத்தியாயத்தை அரைகுறையாகக் கடப்பதைவிட இது பலன் தரும்.

இனி பேசுவது பற்றி. 'சேசம்திங்இன்வெல்ஷ்' என்ற ஒலிப்பாடத்தில் ஆங்கில வாக்கியம் ஒன்றைச் சொல்லி இடைவெளி விடுவார்கள். விடை ஒலிப்பதற்குள் நீங்கள் வெல்ஷில் சொல்லிவிட வேண்டும். சமைத்துக்கொண்டே செய்யலாம், வாயும் பழகும். 2016இல் வெல்ஷ் பாடம் தொடங்கிய டுயோலிங்கோ என்ற மொழி கற்பிக்கும் செயலி சொற்களைச் சேர்க்க உதவும், உரையாடலுக்கு அவ்வளவாக உதவாது. வேல்ஸின் தேசிய வெல்ஷ் கற்றல் மையம் இணையவழியிலும் வகுப்பு நடத்துகிறது. மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் தயங்காமல் சேருங்கள்.

கேள்வி: 'பொபொல் அ கும்' தொடர் ஓரளவு புரியத் தொடங்கிவிட்டது. 'ரவுண்ட் அ ரவுண்ட்' தொடரைப் போட்டால் மறுபடியும் முதலிலிருந்தா என்று தோன்றுகிறது. ஏன்?
– ஒரு வாசகர், கார்டிஃப்

பதில்: முன்னது தெற்கத்திப் பேச்சு, பின்னது வடக்கத்திப் பேச்சு. 1974இல் பிபிசியில் தொடங்கிப் பின்னர் எஸ்4சிக்கு வந்த 'பொபொல் அ கும்', கும்டெரி என்ற கற்பனைச் சிற்றூரில் நடக்கும் கதை. பாத்திரங்களில் பெரும்பாலோர் தென்மேற்கு வேல்ஸின் வழக்கில் பேசுகிறார்கள். 1995இல் தொடங்கிய 'ரவுண்ட் அ ரவுண்ட்' ஆங்கிள்சி தீவின் மெனாய் பிரிட்ஜ் ஊரில் படமாக்கப்படுவது. பாலுக்குத் தெற்கே 'ல்லாய்த்', வடக்கே 'ல்லெவ்ரித்'. 'இப்போது' என்பதற்குத் தெற்கே 'நவுர்', வடக்கே 'ரூஅன்'. வெல்ஷ் எழுத்தில் ஒன்றைப் பின்னிருந்து படித்தால் மற்றொன்று வரும்! பாடநூல்களும் ஒலிப்பாடங்களும் வடக்கு, தெற்கு என இரு வடிவங்களில் கிடைப்பது இதனால்தான். கார்டிஃபில் வசிக்கும் நீங்கள் பேசுவதற்குத் தெற்கு வழக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். வடக்கு வழக்கைக் காதுக்கு மட்டும் அவ்வப்போது பழக்கினால் போதும், வாயில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கேள்வி: மொழியியல் ஆர்வத்தால் வெல்ஷ் கற்க விரும்புகிறேன். இந்தியாவிலிருந்து இவற்றைப் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஒளிபரப்பு உரிமை காரணமாகப் பல நிகழ்ச்சிகள் பிரிட்டனுக்குள் மட்டுமே திறக்கும். யூடியூபில் எஸ்4சி வெளியிடும் சிறு காணொளிகள் தொடக்கத்துக்குப் போதுமானவை. வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 2014 முதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லின் பழைய வழக்குகளை ஆண்டு வாரியாக எடுத்துக்காட்டும் அந்த அகராதி, மொழியியல் ஆர்வலரான உங்களுக்குத் தொடர்களைவிடவும் பிடித்துப்போகலாம்.