லேசர் செய்தால் சொட்டு மருந்தை விட்டுவிடலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வயது 58. டாக்சி ஓட்டுகிறேன். இரண்டு கண்களிலும் கிளாக்கோமா. இரண்டு வருடமாக இரண்டு வகைச் சொட்டு மருந்து போடுகிறேன். கண் சிவந்து எரிகிறது. லேசர் செய்யலாம் என்கிறார் டாக்டர். செய்தால் போன பார்வை திரும்புமா? மருந்தை நிறுத்திவிடலாமா?"

கிளாக்கோமா என்பது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் பார்வை நரம்பு பழுதாகும் நோய். முதல் கேள்விக்கு வருத்தமான பதில்தான். பார்வை நரம்பில் செத்துப்போன இழைகளை எந்தச் சிகிச்சையும் உயிர்ப்பிக்காது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமிருப்பதைக் காப்பாற்றுகிறோம், அவ்வளவுதான். சிகிச்சைக்குப் பிறகும் பார்வை அப்படியே இருந்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சரி, லேசருக்கு வருவோம். உங்களுக்குச் சொல்லியிருப்பது பெரும்பாலும் எஸ்.எல்.டி. என்ற வகையாக இருக்கும். கத்தி கிடையாது, கட்டு கிடையாது. கண்ணை மரத்துப்போகச் செய்து, ஒரு லென்ஸை வைத்து, கண்ணுக்குள் ஊறும் நீர் (இது கண்ணீர் அல்ல) வடியும் சல்லடை போன்ற பகுதியில் மெல்லிய லேசர் துடிப்புகளைப் பாய்ச்சுவார்கள். சில நிமிட வேலை. அன்று கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஆகவே அன்று டாக்சி எடுக்காதீர்கள். முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பலன் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சில வருடங்களில் குறையவும் செய்யும். அப்போது மறுபடி செய்யலாம்.

சொட்டு மருந்து தோற்றால்தான் லேசர் என்பது பழைய கணக்கு. பிரிட்டனில் நடந்த லைட் என்ற ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்கு மூன்று வருடம் வரை சொட்டு மருந்தே தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள். நீங்கள் ஏற்கெனவே இரண்டு மருந்தில் இருக்கிறீர்கள். இரண்டு ஒன்றாகக் குறைந்தாலே நல்ல லாபம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

எரிச்சலுக்கு மருந்தே காரணமாக இருக்கலாம், அதில் கலந்திருக்கும் பதப்படுத்தும் ரசாயனமாகவும் இருக்கலாம். அந்த ரசாயனம் சேர்க்காத வகை இருக்கிறது, கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் அதையும் சொல்லுங்கள். டிமோலோல் போன்ற மருந்து கண்ணில் போட்டாலும் மூச்சைப் பாதிக்கும். எந்தச் சொட்டு மருந்தானாலும், போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டில் டாக்சியிலேயே கிடக்கிறதா? நம் ஊர் வெயிலில் நிறுத்திய காரின் சூட்டை மருந்து தாங்காது. ஷிஃப்ட் மாறும்போது விட்டுப்போன நாட்கள் எத்தனை? அதை டாக்டரிடம் மறைத்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து மூன்றாவதை எழுதிவிடுவார். உண்மையைச் சொன்னால், லேசர் உங்களுக்கு ஏன் பொருத்தம் என்று அவருக்கே புரியும்.

லேசரும் மருந்தும் போதாவிட்டால் அறுவை சிகிச்சை. கண்புரை எடுக்கும்போதே மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத, ஸ்டென்ட் என்ற வடிகுழாயை வைக்கும் முறை, லேசான, நடுத்தர நோய்க்கு உண்டு. முற்றிய நோய்க்கு நீர் வடிய புது வழி திறப்பார்கள், அல்லது குழாய் பொருத்துவார்கள். அந்தக் குழாய்களில் ஒன்றான 'பால்' (Paul) இம்பிளாண்ட் சிங்கப்பூரிலேயே உருவானது. (பசும்பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) இப்போதைக்கு உங்களுக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தனியார் மருத்துவமனையில் கட்டணம் அதிகமாகத் தெரிந்தால், பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக் கண் பிரிவுக்கோ சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்துக்கோ போனால் மானியக் கட்டணம். உங்கள் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை லேசருக்கு நாள் குறிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

யோகாவில் சிரசாசனம் செய்பவராக இருந்தால் விட்டுவிடுங்கள், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறும். அப்புறம் உங்கள் கூடப்பிறந்தவர்களையும் ஒருமுறை கண் அழுத்தமும் நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள். இது குடும்பத்தில் ஓடும் நோய், ஆரம்பத்தில் வலி எதுவும் இருக்காது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள்.