வாசகர் கேள்வி – பதில்: எல்லோரும் நுழையக்கூடிய கட்டடம்

கேள்வி: எங்கள் சங்கக் கட்டடத்தின் வாசலில் மூன்று படிகள் உள்ளன. பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைக்கத் தீர்மானித்திருக்கிறோம். இரண்டு மீட்டர் நீளம் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். போதுமா?

பதில்: போதாது. வாசலில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சாய்தளத்தின் நீளத்தை முடிவு செய்வதால்தான் இந்தத் தவறு நேர்கிறது. ஏற வேண்டிய உயரத்தைப் போல் குறைந்தது 12 மடங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் கட்டட விதிகளில் காணப்படும் கணக்கு. படி ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். அதற்கு 540 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம் தேவைப்படும். இரண்டு மீட்டரில் முடித்துவிட்டால், அந்தச் சரிவு இருசக்கர வாகனத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போக உதவுமே தவிர, சக்கர நாற்காலியில் அமர்ந்து தம் கைகளாலேயே சக்கரத்தை உந்தி ஏறுகிறவருக்கு உதவாது. ஏறும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, நாற்காலி பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடக்கூடும்.

அவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்றால், நடுவில் 150 சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு சமதளத்தைக் கொடுத்துச் சாய்தளத்தை மடக்கிக் கட்டலாம். கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் வேண்டும். இல்லையென்றால், சரிவில் நிற்பவர் ஒரு கையால் சக்கரத்தை உருளாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவை இழுத்துத் திறக்க வேண்டியிருக்கும். கைப்பிடிக் கம்பியை ஒரு பக்கம் மட்டும் போட்டுச் செலவை மிச்சப்படுத்த வேண்டாம். பக்கவாதத்தால் இடது கை செயலிழந்த ஒருவர் ஏறும்போது வலப்பக்கக் கம்பியைப் பிடிப்பார்; இறங்கும்போது அதே வலது கைக்கு எதிர்ப்பக்கக் கம்பிதான் எட்டும். தளத்துக்குப் பளபளப்பான கிரானைட் வேண்டாம், ஈரம் பட்டால் வழுக்கும். சாய்தளத்தின் அடியில் வடிகால் மூடி இருந்தால், அதன் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி ஒன்றேகால் சென்டிமீட்டரைத் தாண்டாமலும், நடக்கும் திசைக்குக் குறுக்காகவும் இருக்கட்டும். நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அங்கேதான் சிக்கிக்கொள்கிறது.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்குச் சக்கர நாற்காலியில் இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை. யாரும் பயன்படுத்தாத வசதிக்குச் செலவு செய்வது நியாயமா?

பதில்: வர முடியாத இடத்துக்கு யாரும் வரவில்லை என்பதை எப்படிக் காரணமாகச் சொல்ல முடியும்? உலகில் ஏறக்குறைய 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடற்குறைபாட்டுடனோ பிற குறைபாட்டுடனோ வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலோர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அல்லர் என்பதால், உங்கள் அலுவலகத்துக்கு வந்து சிரமப்பட்டுத் திரும்பியவர்கள் உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம். 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு, பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் தனியார் இடங்களையும் சேர்த்தே பேசுகிறது. செலவைக் குறைக்க வேண்டுமானால் அதற்குரிய நேரம் வரைபடம் போடும் நேரம். கட்டி முடித்த சுவரை இடித்துக் கதவை அகலப்படுத்துவதுதான் கையைக் கடிக்கும்.

கேள்வி: நடைபாதைகளிலும் ரயில் நிலையங்களிலும் புடைப்புகள் கொண்ட மஞ்சள் கற்களைப் பதிக்கிறார்களே, அவை எதற்கு?

பதில்: ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கியவை அவை, 1967இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றுக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீளக் கோடுகள் இருந்தால் அந்தத் திசையில் தொடர்ந்து நடக்கலாம். வட்டப் புள்ளிகள் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும், முன்னால் படியோ, சாலையோ, நடைமேடையின் விளிம்போ இருக்கிறது என்று பொருள். மஞ்சள் நிறம் அழகுக்காக அன்று, மங்கலாகப் பார்வை தெரிகிறவர்களுக்காக. தரையின் நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சாம்பல் நிறக் கற்களைப் பதிக்கிறவர்கள் அதன் பாதிப் பயனைக் கெடுத்துவிடுகிறார்கள். கோடு நேராகப் போய் ஒரு மின்கம்பத்தில் முட்டினால் மீதிப் பாதியும் போயிற்று.

கேள்வி: எங்கள் மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இருக்கிறது, பலகையும் கம்பியும் மாட்டியிருக்கிறோம். ஆனாலும் வந்தவர் ஒருவர், பயன்படுத்த முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என்ன குறையாக இருக்கும்?

பதில்: முதலில், அது பூட்டிக் கிடக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, துடைப்பமும் வாளியும் அங்கே வைக்கப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இடம் தாராளமாக இருக்கிறதே என்று துப்புரவுப் பொருட்களை அங்கே அடுக்கும் வழக்கம் பல கட்டடங்களில் இருக்கிறது. பிறகு ஒரு சக்கர நாற்காலியை வாங்கிவந்து நீங்களே அமர்ந்து உள்ளே போய்ப் பாருங்கள். கதவு உட்புறமாகத் திறந்தால் அதைச் சாத்த இடம் இருக்காது. நாற்காலியைத் திருப்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கழிப்பிருக்கையின் உயரம் நாற்காலியின் உயரத்தை ஒட்டி, 43 முதல் 48 சென்டிமீட்டருக்குள் இருப்பதும், நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி அதற்கு மாறி உட்கார இடம் இருப்பதும் அவசியம். கம்பியை மெல்லிய தடுப்புப் பலகையில் திருகியிருந்தால், ஆள் எடை முழுவதும் விழும்போது பெயர்ந்து வந்துவிடும். அவசர அழைப்புக் கயிறு இருந்தால், இடைஞ்சல் என்று அதை யாரேனும் மேலே சுருட்டிக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தரையில் விழுந்து கிடப்பவரின் கைக்கு எட்ட வேண்டிய கயிறு அது.

கேள்வி: காது கேளாதவர்களுக்குக் கட்டடத்தில் தனி வசதி ஏதும் தேவையா?

பதில்: தேவை, பெரிய செலவும் இல்லை. ஒலிபெருக்கியில் சொல்வதெல்லாம் திரையிலும் வரட்டும். அபாய மணியோடு மின்னும் விளக்கும் எரியட்டும். விசாரணைச் சன்னலில் இருப்பவரின் முகத்தில் வெளிச்சம் விழட்டும், உதட்டசைவைப் படிக்கிறவர்களுக்கு அது உதவும்.

கேள்வி: தீ விபத்து நேர்ந்தால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். மேல்தளத்தில் இருக்கும் சக்கர நாற்காலிக்காரர் என்ன செய்வது?

பதில்: தீயும் புகையும் குறிப்பிட்ட நேரம்வரை புகாதபடி கட்டப்பட்ட காத்திருப்பிடம் மாடிப்படியை ஒட்டி இருக்க வேண்டும், அங்கிருந்து பேசக் கருவியும் வேண்டும். படிகளில் ஆளை அமர்த்தி இறக்குவதற்கென்றே தயாரிக்கப்படும் நாற்காலிகளும் உண்டு. அவற்றைக் கையாளச் சிலருக்காவது பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். தீயணைப்பு ஒத்திகை நாளில் அவரை மட்டும் முன்கூட்டியே கீழே அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டு, எல்லோரும் வெளியேறிவிட்டதாகக் கணக்கெழுதும் அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் அடுத்த ஒத்திகையை அவர் மேல்தளத்தில் இருக்கும்போதே நடத்துங்கள்.