சீருடையைக் கழற்றிய பின் ஏறிய எடை: பழைய ஓட்டத்துக்குத் திரும்பலாமா?

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான், வயது 46. ஓய்வு பெற்றபோது 74 கிலோவாக இருந்த என் எடை ஐந்தே ஆண்டுகளில் 93 கிலோவாகிவிட்டது. பழையபடி காலையில் 5 கிலோமீட்டர் ஓடத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் முழங்கால் வீங்கிவிடுகிறது. இரவு உணவை நிறுத்திப் பார்த்தால், சில நாள்களிலேயே முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறேன். நடு இரவில் விழிப்பு வந்துவிடுகிறது. குறட்டை பலமாக இருப்பதாக மனைவி கூறுகிறார். நான் என்ன செய்ய வேண்டும்? எடை குறைக்கும் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்களுக்கு மன உறுதி குறைந்துவிட்டதாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை. பணியில் இருந்தவரை எப்போது எழ வேண்டும், எவ்வளவு ஓட வேண்டும், எப்போது உண்ண வேண்டும் என்பதையெல்லாம் படையின் ஒழுங்கே முடிவு செய்தது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும் என்பதால், 74 கிலோ எடையில் நீங்கள் ஓடிய 5 கிலோமீட்டருக்கு மட்டும் சுமார் 370 கிலோகலோரி செலவாகியிருக்கும். அணிவகுப்பு, காவல், சுமை தூக்கி நடத்தல் ஆகியவை அதற்கு மேல். ஓய்வு பெற்ற மறுநாளே அந்தச் செலவு நின்றுவிடுகிறது, ஆனால் பசியும் உண்ணும் அளவும் அவ்வளவு விரைவில் குறைவதில்லை. முன்னாள் வீரர்களுக்கு எடை கூடுவதன் பெரும்பகுதிக் காரணம் இந்த இடைவெளிதான்.

ஆகவே பயிற்சிக் காலத்து ஓட்டத்துக்கு இப்போது திரும்பாதீர்கள். பல ஆண்டுகள் சுமையோடு நடந்தும் குதித்தும் தேய்ந்த மூட்டின் மீது 19 கிலோ கூடுதலாக ஏறியிருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ள, எடை மிகுந்த முதியோரிடம் நடத்திய ஆய்வொன்றில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் 4 கிலோ குறைந்தது தெரியவந்தது. வீக்கத்துக்கான காரணத்தை மருத்துவரிடம் முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன்பின் நடை, மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றில் உங்களுக்கு இயன்றதைப் பேச முடிகிற அளவு மூச்சு வாங்கும் வேகத்தில் தொடங்குங்கள். படிப்படியாக வாரத்துக்கு 150 நிமிடங்களை எட்டினால் போதும். வாரத்தில் இரண்டு நாள்கள் நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து அமர்வது போன்ற எளிய தசைப் பயிற்சிகளும் வேண்டும், ஏனெனில் வலுவான தொடைத் தசையே முழங்காலுக்கு நல்ல காப்பு. பயிற்சிக்குப் பிறகு கூடிய வலி மறுநாளும் தணியவில்லை என்றால் அந்த அளவு உங்களுக்கு அதிகம். வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்வது படையில் பாராட்டப்பட்டிருக்கலாம், இங்கே அது மூட்டைக் கெடுக்கும். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவ உதவி பெறுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவனிப்பது தூக்கத்தைத்தான். பலத்த குறட்டையும் நடு இரவு விழிப்பும் எடைக் கூடுதலும் சேர்ந்து இருப்பது, தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். தூக்கம் குறைந்தவருக்குப் பசி கூடுகிறது, பகலில் சோர்வு மிகுந்து நடமாட்டம் குறைகிறது. எடை ஏற ஏறக் கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையை மேலும் நெருக்குகிறது. உணவைப் பற்றி எத்தனை அறிவுரை கேட்டாலும் இந்தச் சுழலை உடைக்காமல் பயன் குறைவு, ஆகவே தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்நோய் உறுதியானால், இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவி பலருக்கு நல்ல பலன் தருகிறது. தூங்குவதற்காக மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மது தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சுத்தடையை மோசமாக்குவதோடு, ஒரு கிராமுக்கு 7 கிலோகலோரியையும் சேர்க்கிறது.

விழிப்புக்குக் காரணம் கெட்ட கனவுகளோ, பணிக் கால நினைவுகளோ என்றால், அதையும் தயங்காமல் சொல்லுங்கள். போர் தந்த மன வடு உள்ளவர்களிடம் உடல் பருமன் கூடுதலாகக் காணப்படுகிறது. கூட்டத்தில் நடக்கவே பதற்றம் கொள்பவரிடம் பூங்காவுக்குப் போகச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு ஆள்நடமாட்டம் குறைந்த நேரமோ, வீட்டுக்குள் செய்யும் பயிற்சியோதான் பொருந்தும். மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் சில மாத்திரைகள் எடையைக் கூட்டுவதும் உண்டு. நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரவு உணவை நிறுத்தியது தோல்வியுற்றதில் வியப்பில்லை. ஒரு வேளையை முற்றிலும் விடுவதைவிட, நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைத்து உண்பது தாங்கக்கூடியது. தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் குறையும். தட்டில் பாதி காய்கறியாகவும், ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பயறு, பருப்பு போன்ற புரதம் ஏதேனும் ஒன்றும் இருக்கட்டும். அவசரமாக உண்டு முடிக்கும் படைப் பழக்கத்தை மட்டும் மாற்றினாலே பலருக்கு வேறுபாடு தெரிகிறது, ஏனெனில் வயிறு நிறைந்ததை மூளை உணர ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் உணவைக் குறைக்கும் முன் மருந்தின் அளவைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

74 கிலோவை முதல் இலக்காக வைக்காதீர்கள். உங்கள் எடையில் 5 முதல் 10 விழுக்காடு, அதாவது 5 முதல் 9 கிலோ வரை குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூட்டு வலியும் மேம்படத் தொடங்கும். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 7 விழுக்காடு எடை குறைப்பையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காகக் கொண்டவர்களிடம் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. வாரம் ஒருமுறை எடையையும், மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். (இதைப் படிக்கும் வீரர்களில் கால் இழந்தவர்களுக்கு, உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் வழக்கமான அளவீடு பொருந்தாது, எடை மாறும்போது செயற்கைக் கால் பொருந்துவதையும் சரிபார்க்க வேண்டும்.)

தனியாக முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை ‘மூவ்’ என்ற எடைத் திட்டத்தைக் குழுவாகவும் தொலைபேசி வழியாகவும் நடத்துகிறது. உங்களுக்குரிய முன்னாள் படைவீரர் மருத்துவ அமைப்பில் உணவியல் வல்லுநரும் இயன்முறை மருத்துவரும் உள்ளனரா என்று கேளுங்கள். அவ்வாறு இல்லாவிட்டாலும், உடன் பணியாற்றிய ஓரிருவரோடு வாரந்தோறும் எடையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஊசியைப் பொறுத்தவரை, செமாகுளூடைடு போன்ற மருந்துகள் பசியைக் குறைத்து உண்மையிலேயே எடையைக் குறைக்கின்றன. பெரிய ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. ஆனால் நிறுத்தினால் இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது, குறையும் எடையில் தசையும் அடங்கும். எனவே புரதமும் தசைப் பயிற்சியும் ஊசி போடுபவருக்கு இன்னும் அவசியம். கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் நிலையில், முதலில் தூக்கப் பரிசோதனை, முழங்கால் பரிசோதனை, இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றின் முடிவுகளைப் பெறுங்கள். ஊசி தேவையா என்பதை அவற்றைப் பார்த்த மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம்.